இளநிலை மாணவியின் ஆய்வுக்குப் பல்கலைக்கழகம் பணம் தருகிறது என்றால் என்ன பொருள்?

திருநெல்வேலியில் இருந்து ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்; எஃப்-1 என்ற மாணவர் விசா. அவளுக்குச் சூழலியல் பாடம் நடத்திய பேராசிரியை தம் ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார். ஆனால் தம் மானியத்தில் இளநிலை மாணவருக்குச் சம்பளம் தர இடமில்லை, பல்கலைக்கழகத்தின் இளநிலை ஆய்வு நிதிக்கு நீயே விண்ணப்பி, வழிகாட்டியாக நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கிடைத்தால் கோடையில் அங்கேயே தங்க வேண்டும். இது என்ன பணம், பேராசிரியை தட்டிக்கழிக்கிறாரா, இதற்காக மகள் விடுமுறைக்கு ஊருக்கு வராமல் இருப்பது சரியா என்று அவர் கேட்கிறார்.

ஐயா, பேராசிரியை தட்டிக்கழிக்கவில்லை. நான் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியன். இதே வகை விண்ணப்பங்களைப் படித்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் இருந்தவன். அவர் சொன்ன வழி, உங்கள் மகளுக்குத் தம் மானியத்தில் இருந்து மணிக்கூலி தருவதைக் காட்டிலும் மேலானது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பேராசிரியருக்கு அரசிடமிருந்து வரும் மானியம் வெளியில் இருந்து பார்க்கப் பெரிய தொகையாகத் தெரியும். முனைவர் பட்ட மாணவர் ஒருவரின் உதவித்தொகை, கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு மூன்றையும் கழித்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். பல்கலைக்கழகம் மேல்செலவு என்று கணக்கிட்டு வாங்குவது தனி. பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் அது நேரடிச் செலவில் பாதியைத் தாண்டுவதுண்டு. மிச்சம் இருப்பதில் இளநிலை மாணவி ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்தாலும், அந்த மானியம் எந்த வேலைக்கு வந்ததோ அதைத்தான் அவள் செய்தாக வேண்டும். குப்பி கழுவுவாள், மாதிரிகளுக்கு எண் ஒட்டுவாள், அட்டவணையில் எண்களை ஏற்றுவாள். இவையும் கற்க வேண்டியவைதான். ஆனால் கேள்வி வேறொருவருடையது. தன் பெயரில் நிதி பெற்ற மாணவிக்குச் சின்னதாக இருந்தாலும் ஒரு கேள்வி சொந்தமாக இருக்கிறது. அது தவறாகப் போனால் அவள்தான் யோசித்தாக வேண்டும். பல்கலைக்கழகம் இந்தப் பணத்தைக் கொடுப்பது அதற்காகத்தான்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. உடனடிப் புகைப்படக் கருவிக்குப் பெயர்பெற்ற போலராய்டு நிறுவனத்தை உருவாக்கிய எட்வின் லேண்ட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியில் 1957-இல் ஓர் உரை நிகழ்த்தினார். கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கும் இளைஞரை நான்கு ஆண்டுகள் வகுப்பில் உட்கார வைத்துத் தேர்வு எழுத வைப்பது போதாது, முதல் ஆண்டிலேயே அவருக்கு ஒரு வழிகாட்டியும் சொந்தமாக ஓர் ஆய்வும் வேண்டும் என்பது அவர் வாதம். அதைச் செயலாக்கியவர், அங்கேயே படித்து அங்கேயே ஆசிரியரான மார்கரெட் மக்விகார். 1969-இல், தம் இருபதுகளில், இளநிலை மாணவரும் பேராசிரியரும் சேர்ந்து ஆய்வு செய்யும் திட்டத்தை அவர் தொடங்கினார். லேண்டின் நிதியும் துணை நின்றது. மாணவர் சம்பளத்துக்கும் செய்யலாம், பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட்டுக்கும் செய்யலாம், இரண்டும் இல்லாமல் தன்னார்வமாகவும் செய்யலாம். ஆனால் எப்படிச் செய்தாலும் முன்கூட்டியே ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த விதி முக்கியமானது. 1979-இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக், வேதிப் பொறியியல் பேராசிரியர் ஃப்ரெட் ஷேரின் முயற்சியால், கோடைக்காலத்துக்கு மட்டுமான பத்து வாரத் திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் வழிகாட்டியோடு கலந்து முன்மொழிவு எழுதுவார். கோடையில் இடைக்கால அறிக்கைகள் தருவார். முடிவில் கட்டுரை எழுதி அவையில் பேசுவார். இன்று அமெரிக்கா முழுவதும் நீங்கள் காணும் கோடை ஆய்வு நிதிகள் பெரும்பாலும் இந்த இரண்டு அச்சிலும் வார்த்தவை.

அரசுப் பணமும் இருக்கிறது. அது உங்கள் மகளுக்கு ஏன் உதவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1958-இல் இளநிலை ஆய்வுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில், ரீகன் ஆட்சியில் அறிவியல் கல்விக்கு விழுந்த வெட்டில் அது போயிற்று. பிறகு 1987-இல் ஆர்இயூ (இளநிலை மாணவருக்கான ஆய்வு அனுபவம்) என்ற பெயரில் புதிய திட்டம் வந்தது. நல்ல திட்டம், பத்து வாரத்துக்கு 6000, 7000 டாலர் வரை தருகிறது, தங்குமிடமும் பெரும்பாலும் உண்டு. ஆனால் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான் அதில் உதவித்தொகை. அறிவியல் படிக்கும் இளநிலை மாணவருக்கான கோல்ட்வாட்டர் உதவித்தொகையும் அப்படியே. 2025 கோடையில் மத்திய அரசின் நிதி தடுமாறியபோது சில ஆர்இயூ மையங்கள் அந்த ஆண்டு மாணவரை எடுக்காமலேயே விட்டன. குடிமக்களுக்கே அந்த நிலை.

ஆகவே எஃப்-1 மாணவிக்குப் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் கொம்பு பல்கலைக்கழகத்தின் சொந்தப் பணம்தான். அது எங்கிருந்து வருகிறது என்றால், ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதம். கல்விப் பணிகளுக்குப் பொறுப்பான உயர் அதிகாரியாகிய புரோவோஸ்டின் அலுவலகம் ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகை ஒன்று. பழைய மாணவர்களும் பிற கொடையாளர்களும் வைத்த அறக்கட்டளைகளின் வட்டி இன்னொன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மேரி கேட்ஸ் பெயரில் இருக்கும் நிதி இந்த வகை. மானியங்களில் இருந்து எடுத்த மேல்செலவில் ஒரு பங்கைச் சில இடங்களில் மாணவர் ஆய்வுக்குத் திருப்பி விடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றில் குடியுரிமைக் கேள்வி இல்லை. கொடையாளர் விதித்த நிபந்தனையில் சில சமயம் இருக்கும். விண்ணப்ப அறிவிப்பின் கடைசிப் பத்தியை உங்கள் மகள் விடாமல் படிக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் தர்மத்துக்குக் கொடுக்கின்றன என்று நினைக்க வேண்டாம். இளநிலை மாணவர் படிப்பை விட்டுப் போகாமல் இருப்பது அவர்களுக்கே தேவை. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980களின் கடைசியில் தொடங்கிய திட்டத்தைப் பற்றி 1998-இல் ஓர் ஆய்வு வந்தது. பேராசிரியரோடு ஆய்வு செய்த மாணவர்கள் படிப்பைத் தொடர்வது கூடுவதை அது காட்டியது. அந்தப் பலன் கறுப்பின மாணவர்களிடமும், முதல் ஆண்டில் சேர்ந்தவர்களைவிட இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்களிடமும் தெளிவாக இருந்தது. அதே 1998-இல், ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் இளநிலைக் கல்வியை ஆராய்ந்த பாயர் ஆணையத்தின் அறிக்கையும் வெளிவந்தது. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்கள் இளநிலை மாணவரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆராய்ச்சியின் வாசலைக்கூடக் காட்டாமல் அனுப்புகின்றன என்ற பொருளில் அது வெளிப்படையாகவே கண்டித்தது. அதன் பிறகுதான் இளநிலை ஆய்வு அலுவலகம் என்று தனியாக ஒன்று ஏராளமான வளாகங்களில் முளைத்தது. உங்கள் மகளின் வளாகத்திலும் அப்படி ஓர் அலுவலகம் இருக்கும். முதலில் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். அங்கே இருப்பவர்கள் உதவி செய்யவே சம்பளம் வாங்குகிறவர்கள். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் கடைசித் தேதிக்கு முந்தைய நாள்தான் அந்தக் கதவைத் தட்டுகிறார்கள்.

இனி விண்ணப்பம். இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் நல்ல மாணவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

குழுவில் இருப்பவர்கள் எல்லாத் துறைக்காரர்களும் கலந்தவர்கள். உயிரியல் விண்ணப்பத்தை வரலாற்றுப் பேராசிரியரும் இசைப் பேராசிரியரும் படிப்பார்கள். அவர்கள் தேடுவது மூன்றே விஷயம்: கேள்வி என்ன, இந்த மாணவியால் பத்து வாரத்தில் அதை முடிக்க முடியுமா, வழிகாட்டி உண்மையில் பக்கத்தில் இருப்பாரா. நான் நினைத்துப் பார்க்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். வடக்கு மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலைப் பனி உருகுவதற்காக உப்பு தூவுவார்கள். அது வசந்தத்தில் கரைந்து குளம் குட்டைகளுக்குப் போகிறது. ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "சாலை உப்பு நீர்வாழ் உயிரினங்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஆராய்ந்து, சுற்றுச்சூழல் பாதுகாப்புக்குப் பங்களிப்பேன்." படித்ததும் மனம் தளர்ந்துவிடும். எந்த உயிரினம், எந்தக் குளம், எதை அளப்பாள் என்று ஒன்றும் தெரியவில்லை. பத்து ஆண்டு வேலையைப் பத்து வாரத்தில் செய்வதாகச் சொல்கிறாள்.

அதே மாணவி வழிகாட்டியோடு உட்கார்ந்து பேசிவிட்டு இப்படி எழுதலாம்: "நன்னீரில் குளோரைடு நீண்ட காலத்துக்கு லிட்டருக்கு 230 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வரம்பு. வளாகத்தின் வாகன நிறுத்தத்தை ஒட்டிய குளத்தில் வாரம் இரு முறை குளோரைடை அளப்பேன். அதே குளத்தில் இருந்தும் உப்புப் படாத ஒரு குளத்தில் இருந்தும் எடுத்த டாப்னியாக்களை ஆய்வகத்தில் லிட்டருக்கு 0, 115, 230, 460 மில்லிகிராம் கூடுதல் குளோரைடில் வளர்த்து, 21 நாட்களில் ஒவ்வொன்றும் எத்தனை குஞ்சு ஈனுகிறது என்று எண்ணுவேன். ஆண்டாண்டாக உப்பு சேரும் குளத்தில் வாழ்ந்த டாப்னியா, உப்புப் படாத குளத்து டாப்னியாவைவிடத் தாங்குமா என்பதே என் கேள்வி." டாப்னியா என்பது கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும், இறால் இனத்தோடு சேர்ந்த சிறு நீர்வாழ் உயிர். இசைப் பேராசிரியருக்கும் இது புரியும். கேள்வி சின்னது, ஆனால் விடை முன்கூட்டித் தெரியாதது. தாங்காது என்று விடை வந்தாலும் அது கண்டுபிடிப்புதான்.

இந்தக் கேள்வி பேராசிரியையின் ஆய்வோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். அவர் குளங்களின் உணவுச் சங்கிலியைப் படிப்பவர் என்றால் கருவிகளும் வளர்ப்புத் தொட்டிகளும் ஏற்கெனவே இருக்கும். மாணவி தானாக ஆசைப்பட்ட கேள்வியை, வழிகாட்டிக்குத் தொடர்பே இல்லாத துறையில் இருந்து கொண்டுவந்தால், கையெழுத்து கிடைத்தாலும் வழிகாட்டுதல் கிடைக்காது. அதற்காக அவர் சொல்வதை அப்படியே எழுதி வருவதும் கூடாது. குழுவுக்கு அது உடனே தெரிந்துவிடும். இரண்டாம் பத்தியில் இருந்து நடை மாறும், மாணவிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லாத சொற்கள் வரும்.

செலவுப் பட்டியலிலும் அதே கண்டிப்பு வேண்டும். "பொருட்கள்: 500 டாலர்" என்று ஒரே வரி போட்டால் வெட்டுவார்கள். கண்ணாடிக் குப்பி எத்தனை, டாப்னியாவுக்கு உணவாகும் பாசி எங்கே வாங்குவது, குளோரைடு சோதனைப் பொட்டலம் எத்தனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். ஆய்வகத்தில் ஏற்கெனவே இருப்பதை "இருக்கிறது" என்றே எழுதலாம். அது விண்ணப்பத்துக்கு வலு. மடிக்கணினி கேட்கவே கூடாது.

அனுமதிகள் பற்றியும் ஒரு வார்த்தை. டாப்னியா முதுகெலும்பு இல்லாத உயிர் என்பதால் விலங்கு நெறிக் குழுவின் ஒப்புதல் பொதுவாகத் தேவைப்படாது. மீன், தவளை என்று போனால் தேவை. மனிதரிடம் கேள்வித்தாள் கொடுப்பதாக இருந்தால் நெறிக் குழுவின் அனுமதி கைக்கு வரும் முன் ஒரு பதில்கூடத் திரட்ட முடியாது. பல இடங்களில் பணத்தையே விடுவிக்க மாட்டார்கள். ஏப்ரலில் நிதி கிடைத்து, ஜூலை வரை அனுமதிக்குக் காத்திருந்து கோடையை இழந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் வருந்தும்.

வழிகாட்டியின் கடிதம்தான் பாதி விண்ணப்பம். "நல்ல மாணவி, என் வகுப்பில் ஏ வாங்கினாள்" என்ற கடிதத்தால் பயனில்லை, அது மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறது. "வாரம் ஒரு முறை நான் அவளைச் சந்திப்பேன். ஜூலையில் இரண்டு வாரம் களப்பணிக்குப் போகிறேன், அப்போது என் முனைவர் பட்ட மாணவர் தினமும் உடன் இருப்பார். முதல் இரண்டு வாரம் வளர்ப்பு முறையைக் கற்பாள்" என்று எழுதும் கடிதத்தைக் குழு நம்பும். மாணவிக்கு இதைப் பேராசிரியையிடம் கேட்கக் கூச்சமாக இருக்கும். நம் பிள்ளைகள் ஆசிரியரிடம் எதையும் கேட்பதையே மரியாதைக் குறைவாக நினைத்து வளர்ந்தவர்கள். இங்கே கேட்க வேண்டும். "கோடையில் எத்தனை வாரம் வளாகத்தில் இருப்பீர்கள், நீங்கள் இல்லாதபோது நான் யாரிடம் கேட்பது" என்று மின்னஞ்சலில் பணிவாகக் கேட்டால் நல்ல வழிகாட்டி மகிழ்வார். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆய்வகம் பார்ப்பது நல்லது. வழிகாட்டி கண்ணிலேயே படாத ஆய்வகத்தில் கோடை முழுவதும் உப்புக்குச் சப்பாணியாக நின்றுவிட்டு, ஆய்வென்றாலே வெறுத்துப் போன பிள்ளைகள் உண்டு. அந்த இழப்பை எந்த உதவித்தொகையாலும் ஈடுகட்ட முடியாது.

பேராசிரியைக்கு இதில் என்ன லாபம் என்று உங்களுக்குத் தோன்றலாம். பணமாகப் பெரிதாக எதுவும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் வழிகாட்டிக்குச் சிறு தொகை தருகின்றன, பல தருவதில்லை. புதிய மாணவி ஒருத்திக்குக் கற்றுத்தரும் முதல் மாதத்தில் ஆய்வகத்துக்கு நேரம் நஷ்டம்தான். அதை அறிந்தும் ஒருவர் முன்வந்தால் அந்தக் கையெழுத்துக்கு விலை இருக்கிறது.

கோடைக் கணக்குக்கு வருகிறேன். இந்த நிதிகள் பெரும்பாலும் சில ஆயிரம் டாலர். 4000, 5000 என்பது அடிக்கடி காணும் தொகை. 5000 என்று வைத்துக்கொள்வோம். பத்து வாரம், வாரம் 40 மணி நேரம் என்றால் மணிக்கு 12.50 டாலர் ஆகிறது. இது உதவித்தொகையாக வந்தால், எஃப்-1 மாணவரிடம் 14 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். கையில் 4300. அறை வாடகை மாதம் 700 என்றால் இரண்டரை மாதத்துக்கு 1750, சாப்பாட்டுக்கு 900 என்றால் மிச்சம் 1650. பெரிய சேமிப்பு இல்லை, ஆனால் உங்கள் கையில் இருந்து எதுவும் போகவில்லை. ஊருக்கு வராவிட்டால் விமான டிக்கெட் செலவும் தள்ளிப்போகிறது. பிடித்த வரியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு, அமெரிக்கர்களைப் போலவே நிலையான கழிவைக் கோர, அதாவது வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு வரி கட்டாமல் இருக்க, இடம் தருகிறது. வரிக்கு உட்பட்ட வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால், அடுத்த ஆண்டு வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் வரிப் படிவம் தாக்கல் செய்து அந்த 700 டாலரையும் வாங்கிவிடலாம். இது தெரியாமல் விட்டுவிடும் நம் மாணவர்கள் அதிகம்.

மணிக்கூலியாக வந்தால் விதி வேறு. செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம், விடுமுறையில் முழுநேரம். ஏற்கெனவே நூலகத்திலோ உணவகத்திலோ வேலை பார்க்கிறாள் என்றால் அந்த மணி நேரமும் சேர்ந்துதான் கணக்கு. உதவித்தொகையா, சம்பளமா என்பதைப் பணம் ஏற்கும் முன்பே பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். விசா விஷயத்தில் நண்பர்கள் சொன்னதை வைத்து நடக்கக் கூடாது. அதே வேலைக்குப் பணமும் கிரெடிட்டும் சேர்த்து வாங்கப் பெரும்பாலான இடங்களில் அனுமதி இல்லை. கோடையில் கிரெடிட்டுக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பணத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு மனக்குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த நிதிகள் இல்லாத ஆய்வகங்களில் இலவசமாக வேலை செய்ய வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் முடிகிறது. கோடையில் கடையில் நின்று அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குச் சேர்க்க வேண்டிய பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஆய்வகப் பக்கம் வர முடியாது. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வு அனுபவம் எங்கே என்று கேட்பார்கள். அந்த அனுபவத்தை வாங்கக் காசு இல்லாதவர் அங்கேயே நின்றுபோவார். பல்கலைக்கழகம் தன் பணத்தைப் போட்டு இந்தக் கதவைத் திறந்து வைப்பது அடிப்படைக் கடமை என்று நான் நம்புகிறேன். நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டு விழுவது இதுபோன்ற சிறு ஒதுக்கீடுகளில்தான். அதை எதிர்த்து ஒவ்வொரு முறையும் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன்.

விண்ணப்பம் மறுக்கப்படலாம். போட்டி கடுமை, நல்ல விண்ணப்பங்களையே பணம் போதாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அப்படியானால் குழுவின் கருத்துகளைக் கேட்டு வாங்கி, இலையுதிர்கால செமஸ்டரில் வரும் சிறு நிதிக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பொருள் வாங்க மட்டும் சில நூறு டாலர் தரும் நிதிகளுக்குப் போட்டி குறைவு. துறைத் தலைவரிடம் தனியாக ஒரு சிறு தொகை இருக்கும், அதைப் பேராசிரியை கேட்டுப் பார்க்கலாம். ஒரு முறை சிறு நிதி பெற்று முடித்துக் காட்டியவருக்கு அடுத்த கோடையில் பெரிய நிதி கிடைப்பது எளிது. உங்கள் மகள் இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறாள், நேரம் இருக்கிறது.

ஊருக்கு வருவது பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். வசந்த கால செமஸ்டர் பெரும்பாலும் மே முதல் பாதியில் முடிந்துவிடும். பத்து வாரத் திட்டம் ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்தால் இடையில் இரண்டு மூன்று வாரம் கிடைக்கும். தொடக்கத் தேதியை வழிகாட்டியோடு பேசி விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அவள் கிளம்பும் முன் பல்கலைக்கழகம் தந்த ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். விசா முத்திரையின் காலம் முடியாமல் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அது முடிந்திருந்தால், புதுப்பிக்க நேர்காணல் தேதி கிடைப்பதை நம்பி இரண்டு வாரப் பயணம் வைக்க வேண்டாம்.